நாலாவது பூ

சிபியு, ருமேனியா
2.2.2025

உங்களுக்கு,

வேலுத்தாய் எழுதுவது. நான் நலம். உங்கள் முழங்காலும், மிச்சமிருக்கும் பாதிக் காதும் நலமா என்று அறிய ஆவல்.

உறையின் மேல் உங்கள் பெயரை என் கையால் எழுதியிருக்கிறேன். கல்யாணமாகி முப்பத்து மூன்று வருடத்தில் இதுதான் முதல் தடவை. தபால்காரருக்காகச் செய்தது, மன்னிக்கவும். முன்பெல்லாம் 'ஆனந்தி அப்பா' என்றால் போதும். மூன்று வருடமாக அப்படிக் கூப்பிட்டால் நீங்கள் திரும்பிப் பார்ப்பதில்லை. அதனால் உள்ளே 'உங்களுக்கு' என்று மட்டும் போட்டேன்.

கடிதத்தைப் போனில் படம் பிடித்து சாந்தன்பாறை அக்ஷயா கம்ப்யூட்டர் சென்டருக்கு அனுப்பினால் அன்றே உங்கள் கைக்கு வருமாம். ஆனால் நீங்கள் எழுதும் பதில் நம் மகள் போனுக்கு வந்து, அவள் கண்ணில்தான் முதலில் படும். அது வேண்டாம் என்று பூப்பாறையில் என்னை பஸ் ஏற்றும்போதே சொல்லிவிட்டீர்கள். ஆகவே தபால்.

விமான நிலையத்துக்கு மருமகன் மிஹாயும், அவர் அம்மா வியோரிக்காவும் வந்திருந்தார்கள். மிஹாய் என்னைப் பார்த்ததும் 'சாரு மூனா' என்றார். கையை முத்தமிடுகிறேன் என்று அர்த்தமாம். சொல்வதோடு நிறுத்திக்கொண்டார், நல்ல பிள்ளை. சம்பந்தியம்மா ஐந்து பூ கொடுத்தார். இங்கே உயிரோடிருப்பவர்களுக்கு ஒற்றைப்படையில்தான் பூ கொடுக்க வேண்டும். இரட்டைப்படை இறந்தவர்களுக்கு. பூக்கடைக்காரி இரட்டையில் கேட்பவரிடம் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு விற்பாள் என்று மிஹாய் சொன்னார்.

ஊரில் வீட்டுக் கூரைகளுக்குக் கண் இருக்கிறது. ஓட்டின் நடுவே இமை மாதிரி வளைந்த ஜன்னல்கள். தெருவில் போனால் நாலு வீடு நம்மைப் பார்க்கும். நம் எஸ்டேட் லயத்தில் அந்த வேலையை மனிதர்களே செய்தார்கள். விருந்து என்று சோள மாவில் களி கிண்டிப் போட்டார்கள். களி தின்ன இவ்வளவு தூரம் வந்திருக்கிறேன்.

ஒரு சந்தோஷம். சம்பந்தியம்மா வீட்டுச் சுவரில் உங்கள் படம் இருக்கிறது. எஸ்டேட் பாக்டரி அடையாள அட்டையில் இருந்த அந்தப் படம்தான். பெரிதாக்கிக் கண்ணாடி போட்டு, பூவேலை செய்த துண்டைச் சுற்றி, சம்பந்தியம்மாவின் காலமான கணவர் படத்துக்குப் பக்கத்திலேயே மாட்டியிருக்கிறார்கள். முன்னால் ஜாடியில் பூ. இவ்வளவு மரியாதை உங்களுக்கு பாக்டரியில் கிடைக்கவில்லை. நான் படத்தைப் பார்த்து நின்றபோது சம்பந்தியம்மா என் கையைப் பிடித்துத் தட்டிக்கொடுத்தார். பயணக் களைப்பைப் புரிந்துகொண்டார் என்று நினைக்கிறேன்.

அலமாரியில் வைத்த மாத்திரையை மறக்காமல் சாப்பிடவும்.

இப்படிக்கு,
வேலுத்தாய்


சாந்தன்பாறை
17.2.2025

வேலுத்தாய்க்கு,

நலம். உன் நலமே கோரும் பெரியமுத்து. உறையில் பெயர் எழுதியதற்கு மன்னிப்பு தேவையில்லை. எழுத்து நன்றாக இருந்தது. தபால்காரர் மட்டும், 'என்ன, வீட்டம்மா கோபமா?' என்று கேட்டுவிட்டுப் போனார்.

பக்கத்து வீட்டுக் கத்தரீனாள் மத்தியானம் சோறு கொடுத்துவிடுகிறாள். எனக்குக் காது கேட்காத குறைக்கு அவள் கத்துவதால் என் சாப்பாட்டு நேரம் இந்த வளைவு வீடுகள் முழுக்கத் தெரிந்திருக்கிறது. ஏலக்காய் ஸ்டோரில் காவல் வேலை ஒன்று சொன்னார்கள். செவிடனைக் காவலுக்கு வைப்பது திருடர்களுக்குச் செய்யும் உதவி என்று சொல்லி மறுத்துவிட்டேன்.

அங்கே குளிர் எவ்வளவு? வீட்டுக்குள் சூடு இருக்கிறதா? பொதுவாகக் கேட்கிறேன். எட்டாம் மாதத்தில் இருப்பவர்களுக்குக் கால் வீங்கும் என்று நூலகப் புத்தகம் ஒன்றில் படித்தேன். அந்தப் புத்தகம் ஏன் என் கையில் வந்தது என்று தெரியவில்லை. அங்கே அப்படி யாராவது இருந்தால் காலை உயரத்தில் வைத்துப் படுக்கச் சொல்லலாம்.

படம் மாட்டியது அவர்கள் மரியாதை. மாலை போடாத வரை சரி.

பெரியமுத்து


சிபியு
24.2.2025

உங்களுக்கு,

நலம். உங்கள் பதில் இன்னும் வரவில்லை. தபால் மெதுவாக வருகிறதோ, நீங்கள் மெதுவாக எழுதுகிறீர்களோ. உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

இங்கே நானும் சம்பந்தியம்மாவும் தினமும் சண்டை போடுகிறோம். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு அவர் மொழி தெரியாது. அதனால் யாரும் தோற்பதில்லை. எதிரெதிரே இரண்டு ஜன்னல் திறந்திருந்தால் இந்த ஊர்க்காரர்கள் நடுங்கிப் போகிறார்கள். அந்தக் காற்றுக்கு 'கூரெந்த்' என்று பெயர். பல்வலி, கழுத்து வலி, காது வலி எல்லாம் அதனால்தான் வருகிறதாம். எஸ்டேட் பிள்ளைக் காப்பகத்தில் இருபது வருடம் ஆயாவாக இருந்தவள் நான். பிள்ளை வரப்போகும் வீட்டுக்குக் காற்று வேண்டும் என்று நான் திறக்கிறேன். அவர் வந்து மூடுகிறார்.

போன சனிக்கிழமை இறந்தவர்களின் நாள். கோதுமையை வேகவைத்துச் சர்க்கரையும் வால்நட்டும் கலந்து ஒரு பண்டம் செய்தார். கல்லறைக்குப் போனோம். கோவிலில் மெழுகுவர்த்தி ஏற்ற இரண்டு தகரப் பெட்டி வைத்திருக்கிறார்கள். ஒன்று உயிரோடிருப்பவர்களுக்கு, மற்றது இறந்தவர்களுக்கு. இறந்தவர் பெயரைச் சொல்லிக் கிண்ணம், துண்டு, ரொட்டி, எல்லாம் அக்கம்பக்கத்தாருக்குத் தானம் கொடுக்கிறார்கள். அது அந்த உலகத்தில் அவருக்குப் போய்ச் சேருமாம். வாங்குகிறவர் நன்றி சொல்லக் கூடாது. 'இறந்தவரைக் கடவுள் மன்னிக்கட்டும்' என்று சொல்ல வேண்டும்.

சம்பந்தியம்மா இரண்டு கிண்ணம் கொடுத்தார். ஒன்று அவர் கணவருக்கு.

வீட்டுக்கு வந்து படங்களுக்கு முன்னால் ஜாடிகளில் பூ மாற்றினார். அவர் கணவர் படத்துக்கு நாலு வைத்தார். இன்னொரு ஜாடியிலும் வைத்தார். எண்ணினேன். குளிரில் சரியாக எண்ணவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனந்திக்குக் கால் வீங்கியிருக்கிறது.

வேலுத்தாய்


சிபியு
5.3.2025

உங்களுக்கு,

உங்கள் கடிதம் நேற்று வந்தது. நலம் அறிந்தேன். கால் விஷயம் படித்துக் காட்டினேன். ஆனந்தி தலையணையை எடுத்துக் காலுக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

மாலை போடாத வரை சரி என்று எழுதியிருந்தீர்கள். மாலை போடும் வழக்கம் இவர்களுக்கு இல்லை. பூதான். நாலு.

சுற்றி வளைக்காமல் எழுதிவிடுகிறேன். இந்த ஊரில் நீங்கள் காலமாகி மூன்று வருடம் ஆகிறது.

கல்யாணத்தின் போது, பெண்ணின் அப்பா ஏன் வரவில்லை என்று சம்பந்தியம்மா கேட்டிருக்கிறார். ஆனந்தி இறந்துவிட்டார் என்று சொல்லியிருக்கிறாள். அன்றிலிருந்து அந்த அம்மாள் சொந்தச் சம்பந்தியாக நினைத்து உங்களுக்குச் செய்கிறார். ஞானஸ்நானம் வாங்காதவர் பெயரைப் பாதிரியார் பூசையில் வாசிக்க மாட்டாராம். அதற்காக அவர் விட்டுவிடவில்லை. வாரம் தவறாமல் தானே போய் இறந்தவர் பெட்டியில் உங்களுக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுகிறார். 'பெரிமுத்து' என்று சத்தமாகப் பெயர் சொல்லி ஏற்றுகிறார். நான் முப்பத்து மூன்று வருடம் சொல்லாத பெயர். உங்களுக்கு இதுவரை நாலு கிண்ணம், இரண்டு துண்டு, ஒரு கம்பளிச் சட்டை கொடுத்திருக்கிறார். வாங்கிய நாலைந்து பேர் உங்களை மன்னிக்கச் சொல்லிக் கடவுளிடம் கேட்டிருக்கிறார்கள்.

என்னைக் கோவிலில் அவர் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொள்வதும், அடிக்கடி கையைத் தட்டிக்கொடுப்பதும் எதற்கென்று இப்போதுதான் விளங்கியது. என் நெற்றிப் பொட்டைத் துக்கத்துக்கு வைக்கும் அடையாளம் என்று நினைத்திருக்கிறார். தினமும் தவறாமல் வைப்பதைப் பார்த்து, எவ்வளவு பாசம் என்று மிஹாயிடம் சொன்னாராம்.

ஆனந்தியைத் தனியாக உட்கார வைத்துக் கேட்டேன். திட்டத்தான் போனேன். அவள் கேரட் சீவிக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னாள்: "அப்பா எனக்குத் தலை முழுகிட்டாருல்லம்மா. ரெண்டு பேர்ல யாராவது ஒருத்தர் செத்திருக்கணும். நான் மறுநாள் வேலைக்குப் போகணும். அதான் அப்பாவைச் சொல்லிட்டேன்."

பிறகு கேரட் முழுவதையும் சீவினாள். பத்துப் பேருக்கு ஆகும்.

நான் சம்பந்தியம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல மொழியும் இல்லை.

மாத்திரை சாப்பிடவும்.

வேலுத்தாய்


சாந்தன்பாறை
11.3.2025

வேலுத்தாய்க்கு,

நலம். 24ஆம் தேதி எழுதிய கடிதம் கிடைத்தது. ஜன்னல் விஷயத்தில் நான் உன் பக்கம். ஆனால் அவர்கள் வீடு, அவர்கள் ஜன்னல். ஒன்றைத் திறந்து ஒன்றை மூடினால் இரண்டு நாடும் பிழைக்கும்.

இன்னொரு ஜாடி யாருடையது என்று நீ எழுதவில்லை. நீ பாதியில் விடும் பெண் இல்லை. காப்பகத்தில் ஒரு பிள்ளையின் சட்டைப் பொத்தான் காணாமல் போனதற்கு ஒரு பக்கம் அறிக்கை எழுதியவள். அந்த வீட்டுச் சுவரில் இருப்பது இரண்டு படம் என்று நீயே முன்பு எழுதியிருக்கிறாய்.

கால் வீக்கத்துக்குப் பார்லி கஞ்சி நல்லது. உப்பு குறைவாக.

டாக்டர் குறித்த தேதி எது என்று நீ சொல்லவில்லை. பொதுவாகக் கேட்கிறேன்.

பெரியமுத்து


சிபியு
20.3.2025

உங்களுக்கு,

நலம். 17ஆம் தேதி காலை பத்து மணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. மூன்று கிலோ. தாயும் பிள்ளையும் சுகம். மூக்கு உங்களுடையது. இந்த நாட்டில் வேறு யாரிடமும் அப்படி ஒன்று பார்க்கவில்லை.

குழந்தைக்கு நான் கன்னத்தில் மைப்பொட்டு வைத்தேன். சம்பந்தியம்மா அழுக்கு என்று துடைத்தார். மறுபடி வைத்தேன். மறுபடி துடைத்தார். பிறகு அவர் ஒரு சிவப்புக் கயிற்றை எடுத்துக் குழந்தையின் மணிக்கட்டில் கட்டி, முகத்துக்கு நேரே 'ப்த்தூ, ப்த்தூ, ப்த்தூ' என்று மூன்று தடவை துப்புவது போலச் செய்தார். கண்ணேறு கழிக்கிறார். நான் பொட்டைக் காட்டி, நானும் மூன்று தடவை துப்பினேன். இருவரும் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. இப்போது கயிறும் இருக்கிறது, பொட்டும் இருக்கிறது. ஜன்னல்களில் ஒன்று திறந்திருக்கிறது.

என் போன கடிதத்துக்கு நீங்கள் கோபப்பட்டால் அது நியாயம். ஆனால் ஒரு தேதி இருக்கிறது. ஏப்ரல் 17ஆம் தேதி இவர்களுக்குப் பெரிய வியாழன். அன்று இறந்தவர்கள் வீட்டுக்கு வந்து கூரை விளிம்பில் உட்காருவார்களாம். உங்களுக்கென்று சேவல் படம் போட்ட கிண்ணம் ஒன்றை சம்பந்தியம்மா இப்போதே வாங்கி வைத்துவிட்டார். ஆனந்தி அந்தக் கிண்ணத்தைப் பார்க்க முடியாமல் அலமாரிப் பக்கமே போவதில்லை. இந்தக் குழந்தைக்கு முன்னால் இனி அந்தப் பொய்யைச் சொல்ல மாட்டேன், அதற்குள் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்கிறாள்.

ஆனால் சொன்னால் அடுத்த கேள்வி வரும். உயிரோடிருக்கும் தகப்பன் மூன்று வருடமாக ஏன் ஒரு வரிகூட எழுதவில்லை?  

நான் ஏப்ரல் 27ஆம் தேதி கிளம்புகிறேன்.

வேலுத்தாய்


சாந்தன்பாறை
28.3.2025

அன்புள்ள வேலுத்தாய் மதினிக்கு,

ஆண்டவர் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம். கத்தரீனாள் எழுதுகிறேன். அண்ணன் எழுதாததால் நீங்கள் பயப்படுவீர்கள் என்று எழுதுகிறேன். அவருக்குத் தெரியாது.

5ஆம் தேதி எழுதிய உங்கள் கடிதம் 20ஆம் தேதி வந்தது. படித்தார், மடித்தார், திரும்பப் படித்தார். பிறகு என்னிடம் வந்து, "ஒங்க கோயில்ல உசிரோட இருக்கவனுக்குச் செத்தவன் மெழுகுவர்த்தி ஏத்துனா என்னம்மா ஆகும்?" என்று கேட்டார். "ஒண்ணும் ஆகாதுண்ணே, மெழுகு உருகும்" என்றேன். கடிதத்தை என்னிடமே கொடுத்துவிட்டார். படித்தேன். நான் சிரிக்கவில்லை என்று சொன்னால் அது பாவம்.

மறுநாள் சாப்பிட வரவில்லை. வாசலில் நின்று, "செத்தவருக்குச் சோறு வேணுமா வேண்டாமாண்ணே?" என்று கத்தினேன். அவருக்குக் கேட்கட்டும் என்று கத்தியது பூப்பாறை பஸ்ஸில் இருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும். கொஞ்ச நேரம் கழித்து, "கொஞ்சமா வையி" என்றார். வைத்ததை முழுக்கச் சாப்பிட்டார்.

தினமும் காலையில் தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருகிறார். எழுதியதை அடுப்பில் போடுகிறார். ஒருநாள் எட்டிப் பார்த்தேன். 'அன்புள்ள' வரை வந்திருந்தது.

பிள்ளைக்கு என் முத்தம்.

கத்தரீனாள்


சாந்தன்பாறை
16.4.2025
(அக்ஷயா சென்டர் மூலம்)

அன்புள்ள மகள் ஆனந்திக்கு,

உன் அப்பா உயிரோடு எழுதுவது. நான் நலம். நீயும் குழந்தையும் மாப்பிள்ளையும் சம்பந்தியம்மாவும் நலமா?

குழந்தை பிறந்த செய்தி 7ஆம் தேதி கிடைத்தது. அன்றே எழுதியிருக்கலாம். மூன்று வருடமாகச் சும்மா இருந்த கைக்கு அது தெரியவில்லை. பிறகு விஷுவுக்கு அக்ஷயாவை மூடிவிட்டார்கள். இன்று திறந்ததும் வந்துவிட்டேன். தாளைக் கண்ணாடியில் வைத்து மூடி ஒரு பொத்தானை அழுத்தினால் உன்னிடம் வந்துவிடுமாம். இவ்வளவு சுலபம் என்று எனக்கு முன்பே தெரியும். அதனால்தான் வேண்டாம் என்றேன்.

நீ என்னைச் சாகடித்ததில் குறை சொல்ல எனக்கு இடமில்லை. முதலில் செய்தவன் நான். நான் உனக்குச் செலவழித்தது ஒரு குடம் தண்ணீர். நீங்கள் எனக்கு மெழுகுவர்த்தியும் கோதுமையும் கம்பளிச் சட்டையும் செய்திருக்கிறீர்கள். இரண்டில் எது மரியாதையான சாவு என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. என்னை மன்னிக்கச் சொல்லி அங்கே நாலைந்து பேர் கடவுளிடம் கேட்டதாக அம்மா எழுதினாள். தேவையான வேலைதான். கேட்க வேண்டியது உன்னிடம்.

ஒன்று சொல்ல வேண்டும். உன் கல்யாணம் பற்றித் தெரிந்த அன்று லயத்துப் பைப்பில் நான் தலை முழுகியதை எல்லோரும் பார்த்தார்கள். இரண்டாவது சொம்பு பிடிக்கும்போது பைப்பில் தண்ணீர் நின்றுவிட்டது. பாதித் தலைதான் நனைந்தது. குடத்தில் மீதி இருந்தது, ஊற்றவில்லை. துண்டால் துடைத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டேன். அந்தச் சடங்கு முடியவில்லை, ஆனந்தி. இதை யாரிடமும் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. பிறகு, மாற்றிச் சொல்ல வெட்கமாக இருந்தது.

சம்பந்தியம்மாவிடம் இதைப் படித்துக் காட்டு. நான் உயிரோடிருப்பதற்கு என் சார்பில் மன்னிப்புக் கேள். வாங்கியவர்களிடம் கிண்ணங்களைத் திருப்பிக் கேட்க வேண்டாம் என்று சொல்.

குழந்தையின் மூக்கைப் பற்றி அம்மா எழுதியதை நம்பாதே. படம் ஒன்று இந்த அக்ஷயாவுக்கு அனுப்பு. நான் இங்கேயே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஆனந்தி அப்பா


சிபியு
21.4.2025
(அக்ஷயா சென்டர் மூலம்)

ஆனந்தி அப்பாவுக்கு,

நலம். அன்று நீங்கள் சாயங்காலம் வரை அந்தப் பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை, குழந்தை படத்தைத் தாளில் எடுத்துத் தரச் சொல்லி வாங்கிப் போனீர்கள் என்று கத்தரீனாள் போனில் சொன்னாள். மூக்கு விஷயம் இப்போது தெரிந்திருக்கும்.

ஆனந்தி கடிதத்தைப் படித்துவிட்டுக் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெளியே வந்தபோது முகம் கழுவியிருந்தது. வியாழக்கிழமை காலை, சேவல் கிண்ணத்தைத் துடைத்து மேசையில் வைத்துக்கொண்டிருந்த சம்பந்தியம்மாவிடம் அவர் மொழியில் எழுதி வைத்துக்கொண்டு முழுவதையும் படித்துக் காட்டினாள். நடுவில் இரண்டு தடவை மிஹாய் வாங்கிப் படிக்க வேண்டியிருந்தது.

சம்பந்தியம்மா நாற்காலியில் உட்கார்ந்தார். உங்கள் படத்தைப் பார்த்தார். என் பொட்டைப் பார்த்தார். பிறகு ஆனந்தியைத் திட்டினார் பாருங்கள், கால் மணி நேரம். ஒரு வார்த்தை புரியவில்லை, ஆனால் நான் திட்ட நினைத்ததெல்லாம் அதில் இருந்தது. முடித்துவிட்டு அவளை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டார். இந்த வருடக் கிண்ணத்தை உங்களிடம் நேரிலேயே கொடுக்கச் சொல்லி என் பெட்டியில் துணிக்கு நடுவே வைத்துவிட்டார். வாங்கும்போது நீங்கள் நன்றி என்று சொல்லலாமாம். நேற்று ஈஸ்டர். கோவிலில் உங்கள் மெழுகுவர்த்தியை மற்றப் பெட்டியில் ஏற்றினார். பெயரை வழக்கத்தைவிடச் சத்தமாகச் சொன்னார்.

அன்று தண்ணீர் தானாக நின்றது என்று எழுதியிருக்கிறீர்கள். லயத்துக்குப் பின்னால் போய் வால்வை மூடியது நான்தான். இதையும் சொல்லாமல் வைத்திருந்தேன். குடத்தில் மீதி இருந்தது எனக்கு இப்போதுதான் தெரியும்.

வியாழக்கிழமை நடந்ததில் ஒன்று மிச்சம். திட்டி முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, சம்பந்தியம்மா உங்கள் படத்துக்கு முன்னால் போய் நின்றார். ஜாடியில் அன்று காலை வைத்த நாலு வெள்ளைப் பூ இருந்தது. ஒன்றை எடுத்தார். காம்பைக் கிள்ளினார். எங்கே வைப்பது என்று ஒரு நிமிடம் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு என் பின்னால் வந்து, கொண்டையில் செருகிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை புறப்படுகிறேன். பூப்பாறையில் பஸ் நிற்கும் இடத்துக்கு வந்து நில்லுங்கள். இறங்கியதும் நான் கூப்பிடுவேன். திரும்பிப் பார்த்தால் போதும்.

வேலுத்தாய்